பார்ட்டிஷன் எண்: க்ரப்புக்கு ஒன்று, கர்னலுக்கு இன்னொன்று

டிஸ்க்கைப் பிரித்த பகுதிதான் பார்ட்டிஷன். ஒரே பார்ட்டிஷனை, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரான க்ரப் (ஹெச்டி0,ஜிபிடி2) என்று கூப்பிடும். இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலுக்கு அது எஸ்டிபி2. ஃப்ரீபிஎஸ்டியில் ஏடிஏ1பி2. விண்டோஸின் டிஸ்க்பார்ட்டில் டிஸ்க் 1, பார்ட்டிஷன் 2. நான்கும் சரியான பெயர்கள்தான். ஆனால் இவற்றில் டிஸ்க்கைக் குறிக்கும் பகுதி எதுவுமே டிஸ்க்கில் எழுதப்பட்டதல்ல. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேர் (கணினிப் பலகையிலேயே பதிந்த தொடக்க மென்பொருள்), பூட்லோடர், கர்னல் மூன்றும் கண்ணில் பட்ட டிஸ்க்குகளைத் தனித்தனியாக எண்ணிக்கொள்கின்றன. ஒருவர் எண்ணியதை அடுத்தவர் கேட்பதில்லை. புதிதாக ஒரு டிஸ்க்கைச் சொருகியதும் தொடங்க மறுக்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இதுதான்.

கட்டளைகளைக் கீழே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. கர்னலுக்குக் கொடுக்கும் வரியிலும் எஃப்எஸ்டேப்பிலும் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பு) வரும் யூயூஐடி, பார்ட்யூயூஐடி, பார்ட்லேபிள் ஆகிய சாவிச்சொற்கள் மட்டும் பேரெழுத்து.

டிஸ்க்கில் உண்மையில் எழுதியிருப்பது

எம்பிஆர் என்பது பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை. எம்பிஆர் டிஸ்க்கின் முதல் செக்டர் (டிஸ்க்கை அளக்கும் சிறு துண்டு) 512 பைட். அதில் 440-ஆம் பைட்டிலிருந்து 4 பைட் டிஸ்க் கையொப்பம். 446-இலிருந்து தலா 16 பைட்டாக நான்கு பதிவுகள். கடைசி இரண்டு பைட் 55 ஏஏ. நேரில் பார்க்க:

சூடோ எக்ஸ்எக்ஸ்டி -ஜி 1 -எஸ் 446 -எல் 66 /டெவ்/எஸ்டிஏ

இது வாசிக்க மட்டுமே செய்யும், பயமில்லை. முதல் 16 பைட் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

80 20 21 00 83 65 24 41 00 08 00 00 00 00 10 00

80 என்றால் ஆக்டிவ். பழைய வகை ஃபர்ம்வேரான பயாஸின் பூட் குறியீடு தேடுவது இதைத்தான். 83 லினக்ஸ் வகை. 80-க்கு அடுத்த மூன்று பைட்டும் 83-க்கு அடுத்த மூன்று பைட்டும் சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்கு. இன்றைய கர்னல்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. காரியத்துக்கு உதவுவது கடைசி எட்டு பைட். 00 08 00 00 என்பதைப் பின்னாலிருந்து படித்தால் பதினறும 800, அதாவது 2048-ஆம் செக்டரில் தொடக்கம். 00 00 10 00 என்பது 10,48,576 செக்டர், அதாவது 512 மெபிபைட். செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம் என்பதால் 512 பைட் செக்டரில் 2 டெபிபைட்டோடு எம்பிஆர் நின்றுவிடுகிறது.

இந்தப் பதினாறு பைட்டில் பார்ட்டிஷன் எண் எங்கும் இல்லை. பதிவு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அதுவே எண். இரண்டாம் பதிவு டிஸ்க்கின் கடைசியில் கிடக்கும் பார்ட்டிஷனைக் காட்டினாலும் அது எஸ்டிஏ2-தான். பார்ட்டிஷன் கருவியான எஃப்டிஸ்க் ‘பதிவுகள் டிஸ்க் வரிசையில் இல்லை’ என்று ஆங்கிலத்தில் எச்சரிப்பது இதைத்தான். அது பிழையல்ல, தகவல். எக்ஸ்பர்ட் மெனுவில் எஃப் அழுத்தி ‘சரிசெய்ய’ப் போகிறவர்கள்தான் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள்: எண்கள் மாறும், எண்களை நம்பியிருந்த அமைப்புகள் எல்லாம் அறுந்துபோகும்.

நான்குக்கு மேல் வேண்டுமென்றால் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். அதற்குள் ஒவ்வொரு லாஜிக்கல் பார்ட்டிஷனுக்கும் முன்னால் ஒரு குட்டி அட்டவணை. முதல் பதிவு தன் பார்ட்டிஷனைக் காட்டும், இரண்டாவது அடுத்த குட்டி அட்டவணையைக் காட்டும். கர்னல் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய் 5, 6, 7 என்று எண்ணும். பிரைமரி ஒன்றே ஒன்று இருந்தாலும் லாஜிக்கல் 5-இல்தான் ஆரம்பம். சங்கிலி நடுவில் ஒரு கண்ணியை எடுத்தால் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு எண் இறங்கும். எஸ்டிஏ5-ஐ அழித்த அன்றைக்கே எஸ்டிஏ6 எஸ்டிஏ5 ஆகிவிடும்; எஃப்எஸ்டேப்பில் எஸ்டிஏ7 என்று எழுதிய வரி அமைதியாக வேறொரு பார்ட்டிஷனைக் காட்டும். லாஜிக்கல் பார்ட்டிஷன்களை எண்ணால் குறிக்கவே கூடாது என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-யில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் 1கே என்று தெரிந்தால் பதற வேண்டாம். அதற்குள் யாரும் தவறுதலாக எழுதிவிடக் கூடாது என்று கர்னல் அதன் தலைப்பகுதியை மட்டும் காட்டுகிறது.

எம்பிஆருக்குப் பின் வந்த அட்டவணை வகையான ஜிபிடியில் சங்கிலி இல்லை. செக்டர் 0-இல் பழைய கருவிகளை ஏமாற்ற, வகை ஈஈ போட்ட ஒரு காவல் எம்பிஆர். செக்டர் 1-இல் ‘இஎஃப்ஐ பார்ட்’ என்ற எட்டு எழுத்தோடு தொடங்கும் தலைப்பு. செக்டர் 2 முதல் 33 வரை 128 பதிவுகள், பதிவு ஒன்றுக்கு 128 பைட். இதே அட்டவணையின் நகல் டிஸ்க்கின் கடைசியில். ஒவ்வொரு பதிவிலும் இரண்டு ஜியூஐடி (நீண்ட அடையாள எண்): ஒன்று வகை, இன்னொன்று அந்தப் பார்ட்டிஷனுக்கே உரியது. எண் இங்கும் பதிவின் இடம்தான், ஆனால் நடுவில் ஓட்டை விழலாம். மூன்றில் இரண்டாவதை அழித்தால் 1, 3 என்றே இருக்கும். அடுத்து உருவாக்கும் பார்ட்டிஷன் பெரும்பாலும் காலியான 2-இல் போய் உட்காரும், அதன் இடம் டிஸ்க்கின் கடைசியில் இருந்தாலும்.

ஜியூஐடியை எக்ஸ்எக்ஸ்டி-யில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் மூன்று பகுதிகள் தலைகீழாகச் சேமிக்கப்படும். இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனின் (யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் பூட் கோப்புகளைத் தேடும் பார்ட்டிஷன்) வகை சி12ஏ7328 என்று தொடங்கும். டிஸ்க்கில் அது 28 73 2ஏ சி1 என்று கிடக்கும்.

கர்னல் பெயர் வைக்கும் முறை

லினக்ஸில் சாட்டா, யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கு எஸ்டி-க்குப் பின் ஓர் எழுத்து, அதன் பின் பார்ட்டிஷன் எண். எழுத்து, கண்டுபிடித்த வரிசை. கர்னல் பல டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் துழாவுவதால், வன்பொருளில் ஒன்றுமே மாறாமல் இரண்டு டிஸ்க் பெயர் மாற்றிக்கொள்வது இன்று சாதாரணம். ‘நான் ஒன்றுமே தொடவில்லையே’ என்று வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை.

டிஸ்க்கின் பெயரே இலக்கத்தில் முடிந்தால் நடுவில் ஒரு ‘பி’ வரும்: என்விஎம்இ0என்1பி2, எம்எம்சிபிஎல்கே0பி1, லூப்0பி1. என்விஎம்இ0என்1 என்பதில் 0 கண்ட்ரோலர், 1 நேம்ஸ்பேஸ். இதை மறந்து என்விஎம்இ0என்12 என்று ஸ்கிரிப்டில் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஸ்கிரிப்டில் பெயரோடு எண்ணை ஒட்டாதீர்கள். எண் வேண்டுமென்றால் /சிஸ்/கிளாஸ்/பிளாக்/எஸ்டிஏ2/பார்ட்டிஷன் என்ற கோப்பைப் படியுங்கள். பக்கத்திலேயே உள்ள ‘ஸ்டார்ட்’ கோப்பு எப்போதும் 512 பைட் கணக்கில் இருக்கும். 4096 பைட் செக்டர் டிஸ்க்கில் எஃப்டிஸ்க் 256 என்று காட்டும் தொடக்கம் இங்கே 2048 என்று தெரியும்; இரண்டும் ஒன்றே.

பெயருக்குப் பின்னால் மேஜர், மைனர் என்று இரண்டு எண்கள் உண்டு. எஸ்டி டிஸ்க்குகளுக்கு மேஜர் 8, டிஸ்க் ஒன்றுக்கு 16 மைனர். எஸ்டிஏ 8,0. எஸ்டிஏ2 8,2. எஸ்டிபி 8,16. பதினைந்துக்கு மேற்பட்ட பார்ட்டிஷன்களும் என்விஎம்இ-யும் 259-க்குப் போய்விடும். பிழைச்செய்தியைப் படிக்க இந்த எண்கள் தேவைப்படும்.

க்ரப் எண்ணும் முறை

க்ரப் 2-இல் டிஸ்க் 0-இலிருந்து, பார்ட்டிஷன் 1-இலிருந்து. பழைய க்ரப் லெகசியில் இரண்டுமே 0-இலிருந்து. இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு: (ஹெச்டி0,1) என்பது லெகசியில் இரண்டாம் பார்ட்டிஷன், க்ரப் 2-இல் முதல் பார்ட்டிஷன். க்ரப் 2 அந்தப் பழைய எழுத்துமுறையை ஏற்றுக்கொள்வதால் பிழை என்றும் சொல்லாது, தவறான இடத்தைத் திறந்துவிடும். (ஹெச்டி0,எம்எஸ்டாஸ்1), (ஹெச்டி0,ஜிபிடி1) என்று அட்டவணை வகையோடு எழுதிப் பழகுங்கள்.

ஹெச்டி0 எது என்று முடிவுசெய்வது ஃபர்ம்வேர். பயாஸில் பதினறும 80 என்று எண்ணிட்ட டிஸ்க்தான் ஹெச்டி0, வழக்கமாக அது எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆகிறதோ அது. பென் டிரைவிலிருந்து தொடங்கினால் பென் டிரைவே ஹெச்டி0 ஆகி, உள்ளே இருக்கும் டிஸ்க் ஹெச்டி1-க்குத் தள்ளப்படும். லினக்ஸ் தொடங்கியபின் உள் டிஸ்க் எஸ்டிஏ ஆகவும் பென் டிரைவ் எஸ்டிபி ஆகவும் தெரியலாம். ஹெச்டி0-வும் எஸ்டிஏ-வும் ஒன்று என்ற கணக்கு எங்கேயும் செல்லாது. அதனால்தான் தானாக உருவாகும் க்ரப் அமைப்புக் கோப்பில் ‘சர்ச் --எஃப்எஸ்-யூயூஐடி --செட்=ரூட்’ என்று வரி இருக்கிறது. ‘ஹிண்ட்’ என்று கூடவே வருவது வேகத்துக்கான குறிப்பு மட்டும். அது தவறாக இருந்தாலும் தேடல் நடக்கும்.

க்ரப் தன் கோப்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற வரியில் மாட்டிக்கொண்டால் எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் இந்த நான்குதான் கையில். முதலில் வெறும் எல்எஸ் கொடுத்து என்னென்ன பார்ட்டிஷன் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக:

எல்எஸ் (ஹெச்டி0,ஜிபிடி2)/

கடைசிச் சாய்கோடு முக்கியம். அது இருந்தால்தான் கோப்புகளைப் பட்டியலிடும். ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ என்றால் அது வேறு பார்ட்டிஷன், அல்லது அதைப் படிக்கும் மாட்யூல் க்ரப்பின் கருவில் இல்லை, அடுத்ததற்குப் போங்கள். பூட் கோப்புறை தென்பட்டதும்:

செட் ரூட்=(ஹெச்டி0,ஜிபிடி2)
செட் ப்ரிஃபிக்ஸ்=(ஹெச்டி0,ஜிபிடி2)/பூட்/க்ரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் பாதை /க்ரப் மட்டும். /பூட்/க்ரப் என்று கொடுத்தால் கிடைக்காது. ஃபெடோரா குடும்பத்தில் கோப்புறையின் பெயர் க்ரப்2. மெனு வந்து கணினி தொடங்கியதும் க்ரப்-இன்ஸ்டாலை மறுபடி ஓட்டினால்தான் நிலைக்கும், ரெஸ்க்யூவில் செய்தது அந்த ஒரு தடவைக்குத்தான். பயாஸ் கணினியில் ஜிபிடி டிஸ்க் என்றால் 1 மெபிபைட்டில் ஒரு பயாஸ் பூட் பார்ட்டிஷன் வேண்டும், ஜிபிடி கருவியான எஸ்ஜிடிஸ்க்கில் வகைக் குறி இஎஃப்02. அது இல்லாவிட்டால் க்ரப்-இன்ஸ்டால் பதிய இடமில்லை என்று மறுக்கும்.

பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் இதைவிடத் தேவலை. ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -வி’ கொடுத்தால் ஹெச்டி(1,ஜிபிடி,...) என்று தொடங்கும் வரி தெரியும்: பார்ட்டிஷன் எண், அட்டவணை வகை, ஜியூஐடி, தொடக்கச் செக்டர், அளவு. அடையாளம் காண்பதில் ஜியூஐடிக்குத்தான் முதலிடம். இஎஃப்ஐ பார்ட்டிஷனை அழித்து அதே இடத்தில், அதே அளவில், அதே கோப்புகளோடு மறுபடி உருவாக்கினாலும் ஜியூஐடி புதிது. பழைய பூட் பதிவு செத்தது. ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -சி -டி டிஸ்க் -பி எண்’ என்று புதுப் பதிவு போடுங்கள். இங்கே கொடுக்கும் எண், அப்போதைய ஜியூஐடியைத் தேடி எடுக்கவும் உதவுகிறது.

யாருக்கு எந்த அடையாளம் புரியும்

யூயூஐடி என்பது கோப்பு முறைமைக்குள் எழுதியிருப்பது. ஃபார்மட் செய்தால் மாறும். பார்ட்யூயூஐடி என்பது பார்ட்டிஷன் அட்டவணையில் இருப்பது. எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் மாறாது, அட்டவணையைப் புதிதாக எழுதினால் மாறும். எம்பிஆரில் அப்படி ஒரு தனி அடையாளம் கிடையாது என்பதால் டிஸ்க் கையொப்பத்தோடு எண்ணைச் சேர்த்து ஒன்று தயாரிக்கிறார்கள்: 90718263-02 மாதிரி. கடைசி இரண்டு இலக்கம் பதினறுமம். பத்தாவது பார்ட்டிஷன் 0ஏ. இதன் பின்விளைவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: எம்பிஆர் பார்ட்யூயூஐடிக்குள் எண் ஒளிந்திருப்பதால் லாஜிக்கல் பார்ட்டிஷன் எண் நகர்ந்தால் இதுவும் நகரும்.

கர்னலுக்குத் தானாக யூயூஐடி புரியாது. ரூட்=யூயூஐடி=... என்று (ரூட் என்பது முதன்மைக் கோப்பு முறைமை) கொடுத்தால் அதை வாசித்துத் தேடுவது, கர்னலோடு நினைவகத்தில் ஏறும் சிறு தொடக்கக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ். கர்னல் நேரடியாகப் புரிந்துகொள்வது /டெவ்/எஸ்டிஏ2 மாதிரியான பெயர், மேஜர் மைனர் எண், பார்ட்யூயூஐடி, பார்ட்லேபிள் (ஜிபிடி அட்டவணையில் பார்ட்டிஷனுக்கு வைத்த பெயர்) இவைதான். கர்னலைத் தாமே தொகுத்து, இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் தொடங்குகிறவர்கள் எஃப்எஸ்டேப்பில் வேலை செய்த அதே யூயூஐடியைக் கர்னல் வரியிலும் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,மேஜ்:மின்,சைஸ்,எஃப்எஸ்டைப்,யூயூஐடி,பார்ட்யூயூஐடி

எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி. இனிட்ராம்எஃப்எஸ் உள்ள கர்னல் வரியில் யூயூஐடி. இல்லாத கர்னலில் பார்ட்யூயூஐடி, அதோடு யூஎஸ்பி அல்லது எஸ்டி கார்டு என்றால் ‘ரூட்வெயிட்’. அவை ஒரு கணம் தாமதமாகத்தான் எழுந்து வரும். எஃப்எஸ்டேப்பைத் திருத்தியபின் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ ஓட்டாமல் ரீபூட் செய்யாதீர்கள்.

சிறு பலகைக் கணினிகளில் பூட்லோடரான யூ-பூட் ‘எம்எம்சி 0:2’ என்று எழுதும்: சாதனம் 0, பார்ட்டிஷன் 2. அங்கே எம்எம்சி 0 என்பது லினக்ஸில் எம்எம்சிபிஎல்கே1 ஆக இருக்க நிறைய வாய்ப்பு. பார்ட்டிஷன் எண் ஒத்துப்போகும், சாதன எண்ணை நம்ப வேண்டாம். யூ-பூட்டிலேயே ‘பார்ட் யூயூஐடி எம்எம்சி 0:2’ என்று கேட்டால் அடையாளத்தைச் சொல்லும்; கடைசியில் ஒரு மாறியின் பெயரைச் சேர்த்தால் அதில் சேமித்துக்கொடுக்கும், அப்படியே ரூட்=பார்ட்யூயூஐடி= என்பதன் பின்னால் ஒட்டலாம்.

தொடங்காதபோது எங்கே பார்ப்பது

‘விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்’ என்று கர்னல் விழுந்தால் அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் உள்ள இரண்டு எண்களைப் பாருங்கள். 0,0 என்றால் கர்னலுக்கு நீங்கள் சொன்ன டிஸ்க்கே அகப்படவில்லை: பெயர் தவறு, அல்லது கண்ட்ரோலர் டிரைவர் இல்லை, அல்லது இனிட்ராம்எஃப்எஸ் ஏறவில்லை. அந்த வரிக்குச் சற்று மேலே கர்னல் தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டிருக்கும். பட்டியல் காலி என்றால் டிரைவர். பட்டியலில் உங்கள் டிஸ்க் வேறு பெயரில் இருந்தால் ரூட் வரி. 8,2 அல்லது 259,2 மாதிரி வந்தால் பார்ட்டிஷன் கிடைத்துவிட்டது, அதிலுள்ள கோப்பு முறைமையைத்தான் படிக்க முடியவில்லை. எக்ஸ்டி4 டிரைவரை மாட்யூலாக விட்டுவிட்டு இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் தொடங்கினால் இதுதான் நடக்கும். எண் 2 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 3 இருந்தால், தவறான பார்ட்டிஷன்.

டெபியன், உபுண்டுவில் யூயூஐடி கிடைக்காவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் விட்டுவிடும். அங்கே ‘கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்’ என்று கேட்டதையும், பிஎல்கேஐடி-யில் இருப்பதையும் ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்தது.

பார்ட்டிஷன் அட்டவணையை மாற்றியபின் கர்னல் பழைய அட்டவணையையே நினைவில் வைத்திருக்கலாம். அந்த டிஸ்க்கின் ஒரு பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருந்தால் (பயன்பாட்டுக்காக இணைக்கப்பட்டிருந்தால்), முழுவதையும் மறுபடி படிக்கச் சொல்லும் அழைப்பை ‘டிவைஸ் பிஸி’ என்று மறுத்துவிடும். ‘பார்ட்எக்ஸ் -யு /டெவ்/எஸ்டிஏ’ மாறிய பதிவுகளை மட்டும் புதுப்பிக்கும். அதன் பின் /ப்ராக்/பார்ட்டிஷன்ஸில் அளவு சரிதானா என்று பாராமல் எம்கேஎஃப்எஸ் ஓட்டினால், பழைய எல்லைகளுக்குள் ஃபார்மட் ஆகி அடுத்த பார்ட்டிஷனின் தலையில் ஏறிவிடும்.

நகலெடுத்த டிஸ்க்

டிஸ்க்கைப் பைட் மாறாமல் நகலெடுக்கும் டிடி கொண்டு நகலெடுத்தால் எல்லா அடையாளமும் இரட்டையாகிவிடும். இரண்டு டிஸ்க்கும் ஒரே கணினியில் இருக்கும்போது யூயூஐடி எதைக் காட்டும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை இரண்டாவதை மவுண்ட் செய்யவே மறுக்கும், அது நல்லதுதான். பிடிஆர்எஃப்எஸ் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளக்கூடும். அந்த நிலையில் எதையும் மவுண்ட் செய்யாமல் ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு டிஸ்க்கும் கூடவே இருக்கத்தான் வேண்டும் என்றால், நகலில் இந்த வரிசை. புது டிஸ்க் பெரிதாக இருந்தால் ‘எஸ்ஜிடிஸ்க் -இ’. ஜிபிடி நகல் அட்டவணை நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும், அதைக் கடைசிக்கு நகர்த்தும். அடுத்து ‘எஸ்ஜிடிஸ்க் -ஜி’, இங்கே ஜி பேரெழுத்து. எல்லா ஜியூஐடியும் புதிதாகும். சிற்றெழுத்து ஜி போட்டால் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் வேறு வேலை. அடுத்து எக்ஸ்டி4-க்கு ‘ட்யூன்2எஃப்எஸ் -யு ரேண்டம்’, யு பேரெழுத்து. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு ‘எக்ஸ்எஃப்எஸ்_அட்மின் -யு ஜெனரேட்’, அங்கேயும் யு பேரெழுத்து. இரண்டும் மவுண்ட் ஆகாத நிலையில். பிறகு நகலுக்குள் எஃப்எஸ்டேப், க்ரப், இனிட்ராம்எஃப்எஸ் மூன்றையும் புது அடையாளங்களுக்கு மாற்றுங்கள். மூன்றில் ஒன்றை விட்டால் நகல் டிஸ்க் மூல டிஸ்க்கின் ரூட்டைப் போய்த் திறக்கும். எல்லாம் சரியாகத் தொடங்கியதுபோலவே இருக்கும், மூல டிஸ்க்கைக் கழற்றும் நாள் வரை.

எம்பிஆர் என்றால் எஃப்டிஸ்க்கில் எக்ஸ், பிறகு ஐ அழுத்தி டிஸ்க் கையொப்பத்தை மாற்றலாம். அந்த டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். விண்டோஸின் பூட் பதிவு எம்பிஆரில் கையொப்பத்தையும் தொடக்க இடத்தையும் வைத்தே பார்ட்டிஷனைத் தேடும். கையொப்பம் மாறினால் பிசிடிபூட் கொண்டு மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஒரே கையொப்பத்தில் இரண்டு டிஸ்க் கண்டால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

யூஎஸ்பி பெட்டிக்குள் இருந்த டிஸ்க்கைக் கழற்றிச் சாட்டாவில் மாட்டியதும் பார்ட்டிஷன்கள் மொத்தமாகக் காணாமல் போனால், அழிந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சில பெட்டிகள் 512 பைட் டிஸ்க்கை 4096 பைட் டிஸ்க்காகக் காட்டும். அங்கே எழுதிய ஜிபிடி தலைப்பு 4096-ஆம் பைட்டில் கிடக்கும். கர்னல் இப்போது 512-ஆம் பைட்டில் தேடுகிறது. ‘எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,லாக்-செக்’ கொடுத்துப் பெட்டியிலும் வெளியிலும் செக்டர் அளவை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் ‘புது அட்டவணை எழுதட்டுமா’ என்று கேட்கும் எந்தக் கருவிக்கும் ஆம் சொல்லாமல், டிஸ்க்கை அதே பெட்டியில் போட்டுத் தரவை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு, சாட்டாவில் மாட்டிய பிறகு புதிதாகப் பார்ட்டிஷன் பிரித்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் ‘எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ’ தரும் வெளியீட்டை வேறொரு டிஸ்க்கில் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சில வரி எழுத்துக்கோப்புதான். அதிலேயே எண், தொடக்கம், அளவு, வகை, ஜிபிடி என்றால் ஜியூஐடி எல்லாம் இருக்கும். திரும்ப எஸ்எஃப்டிஸ்க்குக்கே ஊட்டினால் அட்டவணை அதே எண்கள், அதே அடையாளங்களோடு எழுதப்படும்.